காலை நீட்டிப் படுக்க ஒரு வான்

2025 ஜூன் 7, சனி

விடிய நாலரைக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால் மகனுடைய கால் வானின் பின் கதவுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. முழங்காலுக்குக் கீழே நுளம்பு விருந்து. மகள் என் வயிற்றில், மாமி முன் சீற்றைச் சரித்துவிட்டு இருந்தபடி. இவர் வெளியே பாய் போட்டுக் குச்சவெளி மணலில்.

எங்கள் சின்ன சுசுகி எவ்ரி வானைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 660 சீசீ எஞ்சினோடு நுவரெலியா வரை ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு கிடந்தபோதுதான் இதற்குள் நித்திரை கொள்ளலாம் என்றே கண்டுபிடித்தோம். பிறகு அது பழக்கமாகிப் போனது. அப்போது மகனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது பதினைந்து, உயரம் ஐந்தடி ஏழு. வானின் மொத்த நீளமே 3.4 மீற்றர். பின் சீற்றை மடித்தால் உள்ளே கிடைப்பது ஆறடி, அதிலும் அரை அடியைத் தண்ணிக் கானும் அடுப்பும் பிடித்துவிடும்.

திரும்பி வரும்போது இவர் நிலாவெளி தாண்டினதும் சொன்னார்: "பெரிசா ஒண்டு பாப்பம்." சொல்லிவிட்டு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அது தீர்மானம் எடுத்துவிட்ட ஆளின் மௌனம், எனக்குத் தெரியும்.

2025 ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

புது வாகனம் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தோம். 2020 மார்ச்சில் பூட்டின இறக்குமதியை இந்தப் பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள், சரி. வரியைக் கூட்டிப் பார்த்துவிட்டு இவர் பேனையை மூடினார். டொயோட்டா கே.டி.எச். வான் பழையதே கோடியைத் தாண்டிக் கேட்கிறார்கள். ஆக மிஞ்சுவது இரண்டு: ரோசா என்கிற சின்ன பஸ் ஒன்றை வாங்கி உள்ளே எல்லாவற்றையும் கழற்றிக் கட்டுவது, அல்லது டொல்பின் என்று சொல்கிற, கூரை உயர்ந்த (ஹைரூஃப்) பழைய டொயோட்டா வான்.

இவருக்கு ரோசாதான். "எல்லாரும் உள்ளுக்க படுக்கலாம். நீர் நிண்டுகொண்டு சமைக்கலாம்."

"ஆர் ஓட்டுறது?"

"நான்தான்."

"உங்களுக்கு ரம்பொடை வளைவுக்கே தலை சுத்தும். மலைநாட்டில ஒரு நாளாவது நீங்கள் ஓட்டினீங்களே?"

என் லைசன்ஸ் கார், வானுக்கானது. சாரதியோடு சேர்த்து ஒன்பது இருக்கை வரைதான். ரோசாவின் பதிவுப் புத்தகத்தில் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். சீற்றைக் கழற்றி எறிந்தால் போதாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். அதுவரை அது பஸ்தான், இருவருக்கும் பஸ் லைசன்ஸ் வேண்டும்.

மாமி இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏறுற படி எவ்வளவு உயரம்?" நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை.

2025 ஜூன் 14, சனி

இன்று வீட்டு முற்றத்தில் ரோசா வந்து நின்றது. சோக்கட்டியால் கீறினது.

ஏழு மீற்றருக்குக் கிட்ட நீளம், இரண்டு மீற்றர் அகலம். அதற்குள்ளே டொல்பினை வேறு நிறத்தில் கீறினோம்: 4.7க்கு 1.69. எவ்ரி அதற்குள் தீப்பெட்டி மாதிரிக் கிடந்தது. விதி ஒன்று: பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரை ஒருவரும் கோட்டைத் தாண்டக்கூடாது. அடுப்பு, சட்டி, பாய், மாமியின் கதிரை எல்லாம் உள்ளே.

முதல் ஒன்றரை மணித்தியாலம் ரோசா. ராசா வீடு. மகள் உள்ளே கயிறடித்தாள்.

பிறகு டொல்பினுக்கு மாறினோம். முன் சீற்றுக்குப் பின்னால் ஒன்பதரை அடி. உட்பக்க அகலம் ஐந்தடிதான் வரும், அதனால் மகன் குறுக்கே படுக்கமுடியாது, எல்லாருமே நீளத்துக்குத்தான். மூன்று பேர் சுகமாகப் படுக்கலாம். நாலாவது ஆள் படுத்தால் நடுச்சாமத்தில் அடிபாடு. மகன் எழும்பிச் சொன்னான்: "அம்மா, எனக்கு உள்ளுக்க படுக்க விருப்பமே இல்ல. கூடாரம் வாங்கித் தாங்கோ, நானும் அப்பாவும் வெளியில." அவன் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் மனது சுருங்கியது. ஐந்து பேரும் ஒட்டிப் படுத்த காலம் முடிந்துவிட்டதை எனக்கு முன்னமே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஏழரைக்குத் திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று திறந்த கேற்றால் உள்ளே வந்து, நேராகக் குசினிக்குள் நடந்து, மாமி நறுக்கி வைத்த கீரைத்தண்டைத் தின்றுவிட்டுச் சாரதி சீற் வழியாக வெளியேறியது. ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை என்று மகள் பெருமையாகச் சொன்னாள்.

கேற் என்றதும் நினைவு வந்து இவர் அளவுநாடாவோடு போனார். அகலம் போதும். ஆனால் கறுத்தக் கொழும்பான் மாமரத்தின் கிளை எட்டடியில் நிற்கிறது, ரோசாவின் உயரம் எட்டரைக்கு மேலே. "கிளைய வெட்டுவம்" என்றார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்த மரம் மாமா வைத்தது.

2025 ஜூன் 15, ஞாயிறு

ரோசா கதை முடிந்தது. இவர் இரவு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, காலையில் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மின்சாரக் கணக்குப் போட்டார். சமாதானம் என்று அர்த்தம்.

குளிர்பெட்டி எங்களுக்குச் சொகுசு இல்லை. மாமியின் இன்சுலின் 2இலிருந்து 8 பாகைக்குள் இருக்க வேண்டும். இந்தக் கச்சான் காற்றில் வானுக்குள் நாற்பது தாண்டும். இதுவரை ஐஸ் போட்ட பிளாஸ்க்கை இரவில் இரண்டு தரம் எழும்பிப் பார்ப்பேன். 12 வோல்ட் குளிர்பெட்டி 50 வாட். சூட்டில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 600 வாட் மணி. ஈய பற்றறி 100 அம்பியர் மணி என்றால் 1200 இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றறி செத்துப்போகும். ஒரு நாள்தான் தாங்கும். அதே அளவு லித்தியம் என்றால் வெயிலே இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு நாள். கூரையில் 200 வாட் சோலார் போட்டால் கவலை இல்லை. "பற்றறிதான் விலை, மற்றதெல்லாம் நானே செய்வன்" என்றார். மின்சார வேலை செய்கிற ஆளைக் கட்டினதில் உள்ள ஒரே இலாபம்.

2025 ஜூன் 22, ஞாயிறு

மூதூர்ப் பக்கம் ஒரு டொல்பின். விற்கிறவர் ஒரு ஆசிரியர் வைத்திருந்த வான் என்றார். பெயின்ற் பளபளவென்று இருந்தது. கிண்ணியாவில் எங்கள் எவ்ரியைப் பார்க்கிற மெக்கானிக் நானாவையும் பாலத்தடியில் ஏற்றிக்கொண்டுதான் போனோம்.

நானா பெயின்றைப் பார்க்கவே இல்லை. சேட்டுப் பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்துச் சில்லு வளைவில் வைத்தார், அது நழுவி விழுந்தது. தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசின பட்டி. பிறகு நிலத்தில் சாக்கு விரித்துக் கீழே போனார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூட்றைவர் தட்டுகிற சத்தம்: டங், டங், டங், பிறகு ஒரு "பொத்". கறள் ஒரு கைப்பிடி கீழே கொட்டியது.

"தங்கச்சி, மேல எல்லாம் மாத்தலாம். சேசி, அடிச்சட்டம் போனா வண்டி போச்சு. கடலோரத்து வண்டிய அடியில பாத்துத்தான் வாங்கணும்."

அதற்குள் மாமி பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டு, மூக்கைச் சேலையால் பொத்தினார். "இது வாத்தியார் ஓடின வான் இல்லை. சூடை மீன் ஏத்தின வான்." ஐஸ் தண்ணியும் உப்பும் வருடக்கணக்காக வடிந்த தரை. விற்கிறவர் மாமியைப் பார்த்த பார்வையை நினைத்து இவர் வீடு வரும்வரை சிரித்தார்.

2025 ஜூலை 5, சனி

அனுராதபுரப் பக்கத்து வான். 1995, ஹைரூஃப், 2.8 டீசல். கடல் காணாத வண்டி. பெயின்ற் மங்கல், ஒரு பக்கம் முழுக்கக் கீறல், காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. நானா கீழேயிருந்து வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் கை துடைத்தார். காலையில் குளிர் எஞ்சினில் ஸ்ரார்ட் பண்ண வேண்டும் என்பதற்காகவே இருட்டில் வெளிக்கிட்டோம். இரண்டாம் சுற்றில் பிடித்தது, புகை அரை நிமிடத்தில் தெளிந்தது. புத்தகத்தில் டூவல் பர்ப்பஸ் (ஆளும் சாமானும் ஏற்றலாம்), ஒன்பது இருக்கை. நான் ஓட்டிப் பார்த்தேன். ஸ்ரியறிங் கொஞ்சம் பாரம், கிளச் பழகிவிடும்.

படி உயரம்தான். மாமி காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். இவர் மடிக்கிற இரும்புப் படி ஒன்றும் கைபிடியும் ஒட்டித் தருவதாகக் கதவைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். விலையில் கொஞ்சம் குறைத்தார்கள், நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

2025 ஜூலை 19, சனி

தச்சு வேலை தொடங்கியாயிற்று. 80 லீற்றர் தண்ணித் தாங்கியைப் பின் மூலையில் வைக்க இவர் நின்றார். 80 கிலோவை வாலில் கட்டினால் வளைவில் வண்டி ஆடும் என்று நான் பின் அச்சுக்கு முன்னால் தள்ளவைத்தேன். 5 கிலோ காஸ் சிலிண்டர் நிற்கிற தட்டின் அடியில் வெளியே போகிற ஓட்டை போட்டாயிற்று. காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தங்கும். கழிப்பறைக்கு இடம் இல்லை. அதைப் பற்றி மாமியோடு இன்னும் கதைக்கவில்லை.

பின்னேரம் எவ்ரியை வாங்க உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி வந்தார், கேக் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். சுற்றிப் பார்த்தார், ரயரை உதைத்தார், முன் கண்ணாடியின் மூலையில் நின்றார். கறுப்பு மையில் 214. மகன் எத்தனையோ தரம் தேய்த்தும் போகாத இலக்கம்.

"இது என்ன அக்கா?"

"பெற்றோல் கியூ. 2022."

"எனக்கு 390" என்றார் தம்பி. "பம்புக்குக் கிட்டப் போகேக்க முடிஞ்சுது." பிறகு காசை எண்ணத் தொடங்கினார்.