மணிக்குப் பச்சைப் பாய் பழக்கிய கதை

படகில் குடியேறப் போகிறோம் என்றதும், நாய்க்கு நீச்சல் தெரியுமா, அலையில் வாந்தி எடுக்காதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டும் பெரிய விஷயமாக இல்லை. அவன் எங்கே ஒன்றுக்குப் போவான் என்று யாருமே கேட்கவில்லை. இரண்டு மாதம் எங்களை ஆட்டிப்படைத்தது அதுதான்.

இவர், நான், எங்கள் நாய் மணி. 34 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு. வர்ஜீனியாவில் நார்ஃபோக்கில் இருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகவே தெற்கே இறங்கி, குளிர்காலத்தை பஹாமாஸில் கழிப்பது திட்டம். ஆறு, உப்பங்கழி, வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்து இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று ஒரு வழி இருக்கிறது. நார்ஃபோக்கில் பூஜ்யம் மைல். மயாமி போனால் ஏறக்குறைய 1,090. பாய்மரப் படகு என்று பேர்தானே தவிர, இந்த வழியில் முக்கால்வாசி நேரம் டீசல் எஞ்சின்தான். ஒரு மணி நேரத்துக்கு 6 மைல், அதிகம் போனால் 7. சாயங்காலம் நங்கூரம் போட்டு, டிங்கி என்கிற சின்ன ரப்பர் படகை இறக்கி, மணியைக் கரைக்குக் கூட்டிப்போய் வருவது என்று கணக்குப் போட்டிருந்தோம்.

மணி காப்பகத்தில் இருந்து எடுத்துவந்த நாய். 18 கிலோ, வேட்டைநாய்க் கலப்பு. வீட்டில் இருந்தவரை ஒரு நாள்கூடத் தரையை ஈரம் பண்ணியதில்லை. அந்தப் பெருமைதான் வினையானது. படகும் வீடுதானே என்று முடிவு பண்ணிவிட்டான்.

அக்டோபர் நடுவில் கிளம்பினோம். மணி ஒன்றுக்குப் போகவென்று செயற்கைப் புல் பாய் ஒன்று, மூன்றடிக்கு இரண்டடி, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். ஒரு மூலையில் ஓட்டை போட்டு வளையம் அடித்து, கயிறு கட்டிவிட வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீரில் போட்டு இழுத்தால் அலசி வந்துவிடும். நாய் வைத்திருக்கும் படகுக்காரர்கள் பலரும் செய்வது இதுதான். முன் மேல்தளத்தில் பாய்மரத்துக்கு முன்னால் விரித்தோம். மணி அதில் ஏறிப் படுத்துத் தூங்கினான். நல்ல மெத்தை கிடைத்தது என்ற நினைப்பு.

முதல் வாரம் பயிற்சி பற்றிக் கவலைப்படவில்லை. கிரேட் பிரிட்ஜ் லாக்கை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை விடும் மதகு) தாண்டியதும் படகுத்துறையை ஒட்டியே பூங்கா, மறுநாள் கோயின்ஜாக்கில் புல்தரை. சோதனை அதற்கப்புறம் வந்தது. ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற உப்பங்கழியைக் கடந்து அலிகேட்டர் ஆற்றின் தென்கோடியில் நங்கூரம் போட்டோம். சுற்றிலும் சதுப்புக் காடு, கரை என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் அடிமரக் கட்டைகள். ஆற்றின் பேரே முதலை ஆறு. பேருக்கு ஏற்ற மாதிரி முதலையும் உண்டு. டிங்கியை இறக்கவே இல்லை.

காலை 6 மணிக்கு கோயின்ஜாக்கில் போனவன். ராத்திரி பாயில் நிறுத்தி, "உச்சா போடா மணி, உச்சா" என்று இவர் கெஞ்சுகிறார். மணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கையை நக்கினான். மறுநாள் 22 மைல் நேர்க்கோடாக ஓடும் கால்வாய். இரண்டு பக்கமும் மரம், மரம், அவ்வளவுதான். இறங்க வழியில்லை. பெல்ஹேவனில் கயிறு கட்டும்போது மதியம் 1 மணி. மொத்தம் 31 மணி நேரம்! குதித்து ஓடி முதல் மரத்தடியில் காலைத் தூக்கியவன் ஒரு நிமிஷத்துக்கு மேல் இறக்கவில்லை. நான் பாதி சிரித்தேன், பாதி அழுதேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏண்டி, நாய்க்கே இந்தப் பாடுன்னா நீங்க ரெண்டு பேரும் எங்கடி போறீங்க?" என்றாள். கை பம்ப்பு, கழிவுத் தொட்டி, அதை மரினாவில் (படகுகள் கட்டி நிற்கும் துறை) உறிஞ்சி எடுப்பது எல்லாம் விளக்கினேன். மதுரையில் நல்ல வீடு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பெல்ஹேவனுக்குப் பிறகு தீவிரமாக இறங்கினோம். செய்து பார்த்தவை: பாயில் கோழித்துண்டு வைத்தது (தின்றுவிட்டு நகர்ந்தான்). கடையில் விற்கும் வாசனைத் திரவம் தெளித்தது (தும்மினான்). மரினாவில் மற்ற நாய்கள் போகும் மூலையில் ஒரு ராத்திரி முழுக்கப் பாயைப் போட்டுவைத்தது. இந்த மூன்றாவதில் கொஞ்சம் அசைவு தெரிந்தது. மோந்து பார்த்தான், சுற்றினான், ஒரு தடவை காலைக்கூட லேசாகத் தூக்கினான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏங்க, போறான்... போறான்!" என்று கத்தித் தொலைத்தேன். இறக்கிவிட்டான்.

மற்றபடி படகு வாழ்க்கைக்கு அவன் எங்களைவிடச் சீக்கிரம் பழகிவிட்டான். உள்ளே இறங்கும் ஏணிப் படிகளில் நகம் வழுக்கியது. படிக்குப் படி கம்பளத் துண்டு ஒட்டினோம், மூன்றாம் நாள் தானே இறங்கினான், ஏற மட்டும் இன்னும் நாங்கள் பின்னால் தாங்க வேண்டும். ஓரக் கம்பிகளில் வலை கட்டியிருக்கிறோம். ஓடும்போது முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை கட்டாயம். அந்தக் கைப்பிடிக்காகவே அதை வாங்கலாம், டிங்கியில் இருந்து பெட்டி மாதிரி தூக்கலாம். டால்பின் வந்தால் குரைப்பான். பாலம் திறக்க வி.எச்.எஃப். ரேடியோவில் இவர் கூப்பிடும்போதும் குரைப்பான்.

யாரும் எச்சரிக்காத ஒன்று, முடி. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பு ஒருநாள் உறுமுகிறது, தண்ணீர் வெளியேறவில்லை. அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால், வடிகட்டியைச் சுற்றி ஈரக் கம்பளி மாதிரி மணியின் முடி. அதில் டீசல் பிசுக்கு வேறு. படகில் தண்ணீர் ஏறினால் காப்பாற்ற வேண்டிய பம்ப்பு அது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது என் வேலை. தினமும் வெளியில் வைத்துச் சீவிவிடுவது இவர் வேலை.

இன்னொரு கண்டுபிடிப்பு: எட்டு மணி நேரம் எஞ்சின் ஓடினால் எஞ்சின் பெட்டியின் மேல்பக்கம் இதமான சூட்டில் இருக்கும். நவம்பர் குளிரிலும் தயிர் அருமையாக உறைகிறது, இட்லி மாவு பொங்குகிறது. அந்த இடத்துக்கு மணிக்கும் தயிர்ப் பாத்திரத்துக்கும் தினம் போட்டி. ராத்திரி இருவருக்கும் சமாதானமாகத் தயிர்சாதம்.

நவம்பர் பாதியில் ஜார்ஜியா. இங்கே ஓதத்துக்கும் வற்றத்துக்கும் 7 முதல் 9 அடி வித்தியாசம். காலையில் புல்லை ஒட்டி டிங்கியை விட்ட அதே இடம், சாயங்காலம் வற்றத்தில் ஆள் உயரச் சேற்று மேடு. அதற்கடியில் கத்தி மாதிரி சிப்பி ஓடுகள். ஒரு சாயங்காலம் இவர் கெட்டியான தரை என்று நம்பிக் கால் வைத்தார். முழங்காலுக்கு மேல் போய்விட்டது. காலை உருவினால் செருப்பு வரவில்லை. மணி உதவி செய்கிறேன் என்று குதித்து வயிறுவரை புதைந்தான். அந்தச் சேற்றுக்கு முட்டை அழுகின வாடை. இருவரையும் டிங்கிக்குள் இழுத்துப் போட்டு, படகுக்குத் திரும்பி, வாளி வாளியாக உப்புத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் மணிக்கு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர், இவருக்கு ஒரு லிட்டர். தொட்டித் தண்ணீர் மொத்தமே 150 லிட்டர். பங்கீடு சரி என்றுதான் இப்பவும் சொல்வேன். மணியின் முன்காலில் சிப்பி கீறிய காயம் ஆற பத்து நாளானது.

கரை இனி வேண்டாம் என்று இவரே சொன்னார்.

வழி பிறந்தது தற்செயலாகத்தான். கம்பர்லாண்ட் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரத்தில் இருந்தோம். மேய்ந்து திரியும் காட்டுக் குதிரைகளும், 1959-ல் எரிந்துபோன கார்னகி குடும்பத்து மாளிகையின் சுவர்களும் உள்ள தீவு. ஃபெர்ரியில் நாயை ஏற்றமாட்டார்கள். சொந்தப் படகில் வந்தால் வாரில் பிடித்து நடத்திப் போகலாம். முதல் நாள் குதிரையைப் பார்த்து மணி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். மறுநாள் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டது. டிங்கியை இறக்க முடியாத அலை. காற்று பிடித்த இரண்டாம் நாள் விடியற்காலை 4 மணி, மழை. மணி ஏணியடியில் நின்று முனகினான். தூக்கக் கலக்கத்தில் நான் பழக்கதோஷத்தில் கழுத்தில் வாரை மாட்டி, "வெளியே போலாமா?" என்றேன். வீட்டில் இருந்தபோது சொல்வது. மேலே ஏற்றி, தடுமாறிக்கொண்டே மேல்தளத்தைச் சுற்றி நடத்தினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் பாய்மேல் ஏறினான், நின்றான், போனான். நான் மூச்சு விடவில்லை.

வாரும் அந்த வார்த்தையும் இல்லாமல் இத்தனை நாள் பாயில் சும்மா நிறுத்தியிருக்கிறோம். அவனைப் பொறுத்தவரை வார் மாட்டி நடந்தால்தான் வெளியே. அன்று சாயங்காலமும் அப்படியே செய்தோம், போனான். மறுநாள் இரண்டுக்கும் போனான்! கோழித்துண்டு மூன்று கொடுத்தோம்.

அடுத்த நாள் பாயை அலசும்போது கயிறு அவிழ்ந்தது. முடிச்சு நான் போட்டது, மறுக்கவில்லை. இறங்குகிற நீரோட்டத்தில் பச்சைப் பாய் கடலைப் பார்த்துப் போனது. மூவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃப்ளோரிடாவில் ஃபெர்னாண்டினாவில் புதுப் பாய் வாங்கினோம். அதில் வாசனையே இல்லை. மணி மறுபடி அதில் படுத்துத் தூங்கினான். வாரோடு சுற்றி நடந்து, மரினா மூலையில் ஊறப்போட்டு, ஐந்து நாளில் வழிக்கு வந்தான். முதல் தடவை ஐந்து வாரம் ஆனதை நினைத்தால் பரவாயில்லை.

இனி பஹாமாஸ் பாக்கி. அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்கிறது, கிளம்பும் முன் கால்நடை மருத்துவர் உடல்நலச் சான்று தர வேண்டும். ஃப்ளோரிடாவின் லேக் வொர்த் முகத்துவாரத்தில் இருந்து பஹாமாஸின் வெஸ்ட் எண்டுக்கு சுமார் 55 கடல் மைல். நடுவில் வளைகுடா நீரோட்டம் வடக்கே இழுக்கும்; அதற்கு எதிராக வடகாற்று அடித்தால் அலை சுவராக எழும்பும் என்பதால் தெற்கத்திக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் மேல்தளத்தைச் சுற்றி நடத்த முடியாது. அதனால் இந்த வாரம் பாயைப் பின்பக்கம், படகை ஓட்ட உட்காரும் காக்பிட்டுக்குள் கொண்டுவந்து இரண்டு அடி நடையில் போகப் பழக்குகிறோம். நேற்று ஒரு தடவை போனான், இன்று காலை மாட்டேன் என்றுவிட்டான்.

பாயைக் கத்தரித்து இரண்டாக்கிவிட்டேன். ஒரு பாதி பயன்பாட்டில், இன்னொரு பாதி அலசாமல் நங்கூரச் சங்கிலிப் பெட்டியில், அவசரத்துக்கு. நங்கூரம் இறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கை போய்விடுகிறது என்று இவர் புலம்புகிறார்.