தொடாதீங்கப்பா!

பழைய துப்பாக்கி வாங்கப் போகும்போது, கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவை உடன் அழைத்துப் போகக் கூடாது என்று டெக்ஸாஸில் சட்டம் எதுவும் இல்லை. ஒன்று போட்டுவைக்கலாம்.

ஆனால் அவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அது மத்திய அரசின் சட்டம். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது. கடையிலும் சரி, சுட்டுப் பழகுகிற ரேஞ்சிலும் சரி. எனக்கு கிரீன் கார்டு இருப்பதால் தடையில்லை. இதைக் கார் ஓட்டிக்கொண்டே விளக்கமாகச் சொன்னேன். அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, "நான் என்.சி.சி.ல 'சி' சர்டிபிகேட்டுடா. அதை இவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

மாட்டார்கள்.

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அதுவும் .22 லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டா போடுவதுதான் வேண்டும். 1887-ல் வந்த தோட்டா, இன்றும் அதே அளவு. முனையில் இருக்கும் ஈயக் குண்டு இரண்டரை கிராம் சொச்சம். தோளில் உதை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. பெரிய தோட்டாக்களோடு பார்த்தால் விலையும் கம்மி. ட்ரிக்கரைச் சுற்றியிருக்கும் லீவரைக் கீழே தள்ளினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடான கேஸ் வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னால் போய் நிற்கும், அடுத்த தோட்டா மேலே ஏறும். லீவரை மேலே இழுத்தால் அது அறைக்குள் போய் உட்காரும். இவ்வளவையும் செய்வது நம் கைதான். விரலை அழுத்த அழுத்தத் தானாகச் சுடுகிற துப்பாக்கியில் ஒரு டப்பா தோட்டா எங்கே போனதென்றே தெரியாமல் காலியாகிவிடும். லீவரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு சின்ன வேலை இருப்பதால், சுடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவும் தோன்றும்.

கடையின் கோடியில், பழைய ரைஃபிள்கள் சாய்த்து வைத்திருந்த சட்டத்தில் அது இருந்தது. மார்லின் 39ஏ. கறுப்பு மெருகு, யாரோ பல வருடம் கையில் பிடித்துத் தூக்கிய இடத்தில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. வால்நட் கட்டையில் கீறல்கள். குழலில் 'ஜே.எம்.' என்ற சின்ன முத்திரை. கடைக்காரப் பெரியவர் அதைத்தான் முதலில் காட்டினார். மார்லின் நிறுவனத்தை ரெமிங்டன் வாங்கியதும், கனெக்டிகட்டில் இருந்த ஆலை 2011-ல் மூடப்பட்டதும், பிறகு ரெமிங்டனே திவாலாகி 2020-ல் மார்லின், ரூகர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதும் இந்த ஊர்த் துப்பாக்கிப் பிரியர்களுக்குக் குடும்பக் கதை மாதிரி. பழைய ஆலையில் செய்தவற்றில் இந்த ஜே.எம். முத்திரை இருக்கும். ஆகவே விலையும் இருக்கும். 700 டாலர்.

வரிசை எண் 22-ல் தொடங்கியது. அந்தக் காலத்து மார்லினில் முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழித்தால் செய்த வருடம் கிடைக்கும் என்று பெரியவர் சொல்லி முடிப்பதற்குள், "எழுபத்தெட்டு" என்றார் அப்பா. அத்துடன் விடவில்லை. "எழுபத்தெட்டுல நான் காலேஜ் செகண்ட் இயர். என் பேட்ச்டா இது." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, மூக்கு படாத குறையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்கப்பா!"

"எங்கடா தொட்டேன்? பார்க்கவும் விசா வேணுமா?"

பார்த்து முடித்ததும் பேரம் ஆரம்பமானது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன சாமானுக்குத் தேய்மானம் கழிக்க வேண்டாமா என்று என்னிடம் தமிழில் கேட்டு, அதையே பெரியவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பழசானதால்தான் இந்த விலை என்றார் அவர். வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்த அப்பாவுக்கு இந்தப் பதில் செரிக்கவே இல்லை. கூடவே 8.25 சதவீத விற்பனை வரி என்றதும், "பழசுக்குமா?" என்றார். கடைசியில் பெரியவர் விலையில் ஒரு டாலர்கூட இறங்காமல், ஒரு டப்பா தோட்டாவை மட்டும் சேர்த்து வைத்தார். அது பேரத்துக்காகவா, அப்பா பேச்சை நிறுத்துவதற்காகவா என்று தெரியவில்லை.

அப்புறம் 4473 என்ற படிவம். துப்பாக்கிக் கடையில் வாங்குகிற எல்லோரும் நிரப்ப வேண்டியது. அப்பா என் தோளுக்கு மேலிருந்து கடன் விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற கண்ணோடு வாசித்துக்கொண்டு வந்தார். உன் மேல் குற்றப்பத்திரிகை உண்டா? நீ தலைமறைவுக் குற்றவாளியா? கஞ்சா பழக்கம் உண்டா? மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டா? ராணுவத்திலிருந்து அவமானகரமாக நீக்கப்பட்டாயா? ஒவ்வொன்றுக்கும் நான் 'இல்லை' போடப் போட, "இதெல்லாம் நாம சொன்னா போதுமா? ஜாமீன்தாரர் கையெழுத்து எங்கடா?" என்று கேட்டார்.

படிவத்தில் இன்னொரு முக்கியமான கேள்வி உண்டு. உண்மையில் வாங்குவது நீதானா? வேறொருவர் பணத்தில் அவருக்காக வாங்கிக் கொடுத்தால் குற்றம். நான் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்த அதே நொடியில், அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். ஊரில் மாற்றிக்கொண்டு வந்த டாலர் நோட்டுகள். "பாதி நான் போடறேன்."

கடைக்காரப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இருந்த சிரிப்பு காணோம். இந்தத் துப்பாக்கியை வாங்குவது யார் என்று மெதுவாகக் கேட்டார். நான்தான், பணமும் என்னுடையதுதான், இவர் என் அப்பா, பிள்ளை எதை வாங்கினாலும் பாதி போடுவார், என் முதல் சைக்கிளுக்கும் போட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பெரியவர் நீண்ட நேரம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவை வாசல் பக்க பெஞ்சில் போய் உட்காரச் சொன்னார். கவரும் அவரோடு போனது.

எஃப்.பி.ஐ.யிடம் விவரம் கேட்டார்கள். பலருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். எனக்குத் 'தாமதம்' என்று வந்தது. பெயர்க் குழப்பமாக இருக்கும், மூன்று வேலை நாட்கள் பொறுத்துப் பாருங்கள் என்றார் பெரியவர். அப்பாவுக்கு இது பழகிய உலகம். "பெண்டிங்கா? யாரையாவது போய்ப் பார்க்கணுமா?" என்று உற்சாகமாக எழுந்தார். எஃப்.பி.ஐ.யில் நமக்கு யாரையும் தெரியாது என்று சொல்லி அழைத்து வந்தேன். யாரையும் போய்ப் பார்க்காமலே அனுமதி வந்தது. ரைஃபிளை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

ரேஞ்சில் அப்பா மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பைனாகுலரும் காதடைப்பானுமாக அமர்ந்தார். காதடைப்பான் போட்டவர் தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்திப் பேசுவார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. குழலுக்கு அடியில் இருக்கும் பித்தளைக் குழாயை உருவி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டேன்.

"எத்தனை போகுது?"

"பத்தொன்பது."

"பத்தொம்போதா! எங்களுக்கு அஞ்சுதான் குடுப்பாங்க. அதுக்கும் காலி கேஸை எண்ணித் திருப்பிக் குடுக்கணும்!"

அந்தக் கணக்கை அவர் இன்னும் முடிக்கவில்லை என்று சுட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. லீவரைத் தள்ளும்போதெல்லாம் கேஸ் வலப்பக்கம் பறக்கும். நான் இலக்கைப் பார்க்க, அப்பா பைனாகுலரில் கேஸைப் பார்த்தார். "தூணுகிட்ட ஒன்னு! பெஞ்சுக்கு அடியில ரெண்டு! ஒன்னு குறையுதுடா!" பக்கத்துப் பாதையில் சுட்டுக்கொண்டிருந்தவர் தன் தொப்பியிலிருந்து ஒரு கேஸை எடுத்து என் மேசையில் வைத்தார். அப்பாவுக்குக் கணக்கு நேரானது.

அடுத்து என் நிலை சரியில்லை என்றார். உட்கார்ந்து சுடுவதெல்லாம் சுடுவதே இல்லை, படுத்துத்தான் சுட வேண்டும். கால்களை விரி. இடது முழங்கையை ரைஃபிளுக்கு நேர் கீழே கொண்டு வா. குழல் முனையில் இருக்கும் ஃபோர்சைட் டிப்பைப் பார், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். பாதி மூச்சை விட்டுப் பிடி. ட்ரிக்கரை இழுக்காதே, அழுத்து. சொன்னபடியெல்லாம் செய்தேன், மனதுக்குள் முனகிக்கொண்டே. தோட்டா நடுவில் போய் உட்கார்ந்தது. அப்பா சொல்லிக் கேட்டு நான் செய்த ஒரு காரியம் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்ததில்லை.

இரண்டாவது தோட்டாவுக்காக லீவரைக் கீழே தள்ளினேன். அது தரையில் இடித்து நின்றது. படுத்த நிலையில் லீவர் இறங்க இடமே இல்லை. ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்துத்தான் தள்ள வேண்டும். சாய்த்தால் அதுவரை கஷ்டப்பட்டுச் சேர்த்த நிலை மொத்தமும் கலைந்துவிடும். குதிரை மேலிருந்து சுடத் தோதான சாமான் இது, தரையில் படுப்பவனுக்கு ஆகாது. பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், என்.சி.சி. பாடத்தில் இல்லாத கேள்வி வந்துவிட்ட முகத்தோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

அந்த முகம் மாறியது ஒரு தோட்டா வெடிக்காமல் போனபோது. வெறும் 'டிக்'. "மிஸ்ஃபயர்! குழலைத் திருப்பாதே! அப்படியே பிடி!" என்று எழுந்தே நின்றுவிட்டார். சரியான யோசனைதான். சில நேரம் தாமதித்து வெடிக்கும் என்பதால் முப்பது விநாடியாவது முனையை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். பூச்சு விட்டுப்போன இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. காத்திருந்து, வெளியே எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டதும் வெடித்தது. அன்றைய நாளின் சிறப்பு நிகழ்ச்சி அதுதான் என்று வீட்டில் அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் காலை காபியோடு வந்து என்னை எழுப்பினார். கையில் ஐபேட். 4473 படிவத்தின் குறிப்புரைகளை, யாருமே படிக்காத அந்தப் பொடி எழுத்துப் பகுதியை, இரவு உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருக்கிறார். சுற்றுலா விசாக்காரர்களுக்கு விலக்குகள் இருக்கின்றன. அதில் ஒன்று, அமெரிக்காவில் ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம்.

"அப்பா, நீங்க சுத்த சைவம்."

"உரிமம் வாங்கினா சாப்பிட்டே ஆகணும்னு எங்க போட்டிருக்கு? காட்டு."

போட்டிருக்கவில்லை. டெக்ஸாஸில் வெளியூர்க்காரர்களுக்கு 5 நாள் வேட்டை உரிமம் உண்டு. 48 டாலர். 1971 செப்டம்பர் 2-ம் தேதிக்கு முன் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அப்பா பிறந்தது 1958. "பார்த்தியா, நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். வேட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். "எதையாவது அடிச்சுத் தூக்கிட்டு இந்த வீட்டுப் படி ஏறினீங்கன்னா நான் அடுத்த பிளைட்ல ஊருக்குப் போயிடுவேன்." காகிதத்தைத்தான் சுடப் போகிறோம் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. உரிமம் கொடுத்த கவுண்டரில் இருந்த பெண்ணும் என்ன வேட்டையாடப் போகிறீர்கள் என்று ஆசையாகத்தான் கேட்டார். அப்பா உண்மையைச் சொன்னார். காகிதம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு அதற்கு இல்லை, தாராளமாகச் சுடுங்கள் என்றார் அந்தப் பெண்.

முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டு அப்பா லீவரை மிக மரியாதையாக, பாதி தூரம் தள்ளி, மெதுவாக மூடினார். பழைய சாமானாயிற்றே என்ற அக்கறை. அடுத்த தோட்டா வழியிலேயே கோணலாக நின்று சிக்கிக்கொண்டது. லீவருக்கு இந்த மரியாதை ஆகாது, முழு தூரமும் அழுத்தமாகத் தள்ள வேண்டும். "ஒடைஞ்சா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஓங்கித் தள்ளினார். பிறகு அவர் நிறுத்தவில்லை. ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, கேஸ்களைப் பொறுக்கி எண்ணினார். இப்போது அவர் தொடலாம்.

25 கஜத்தில் தொங்கிய அட்டையைக் கொண்டுவந்து பார்த்தோம். ஐந்து துளைகளும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே கூட்டமாக, இலக்கின் நடுவிலிருந்து நன்றாக இடப்பக்கம் விலகி இருந்தன.

"க்ரூப்பிங்தான்டா முக்கியம். மத்தது சைட்டோட தப்பு. பேக்சைட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தட்டு."

"எனக்குச் சரியாத்தான்பா விழுது."

"அப்போ உன் கண்ணுல கோளாறு."

48-ஐ ஐந்தால் வகுத்தால் ஒரு நாளைக்கு 9 டாலர் 60 சென்ட் என்று அன்றே கணக்குப் போட்டுவிட்டார். ஒரு நாளையும் வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. காலையில் ஷூ போட்டுத் தயாராக நிற்கும் மனிதரை என்ன செய்வது? அலுவலகத்துக்கு விடுமுறை கேட்டு எழுதினேன். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வேட்டை உரிமம் வாங்கியிருக்கிறார், காலாவதியாவதற்குள் முடிக்க வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்கும் இரண்டு நாள் யோசிக்கிற மேலாளர், டெக்ஸாஸ்காரர், ஐந்தே நிமிடத்தில் சரி என்று பதில் போட்டுவிட்டார். என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்பாவிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு அட்டையை இன்னொரு முறை ஸ்கேல் வைத்து அளந்தார்.

"மூணு சென்டிமீட்டர்னு போடு."