தீயில் காயும் தோல்: மொண்டேவிடியோ நாட்குறிப்பு

ஜனவரி 6

உருகுவே நாட்டின் இந்த மொண்டேவிடியோ நகரத்துக்கு வந்து நான்கு மாதம். இன்று மூன்று ராஜாக்கள் நாள், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ராஜாக்களின் நாள். குழந்தைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் பக்கத்துப் பேட்டையான பலேர்மோ பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. அடுத்த வீட்டம்மா கதவைத் தட்டி, "வெசினா, வா போகலாம்" என்றார். வெசினா என்றால் அடுத்த வீட்டுக்காரி. என் பெயரே இப்போது அதுதான். மூவரில் கறுப்பு ராஜாவான பல்தசாரை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்களில் ஒருவராகக் கொண்டாடிய நாளாம் இது. போகிற வழியில் சொன்னார்.

ஜனவரி 22, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும். தெருவோரத்தில் அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், உடைந்த பலகை எல்லாம் போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். மேளங்களைச் சுற்றிலும் படுக்கவைத்து, தோலைத் தீப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் அவ்வப்போது எழுந்துபோய்த் தட்டிப் பார்த்தார். எனக்குக் கால் நகரவில்லை. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் தப்பு காய்ச்சுவதும் இப்படித்தான். வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்கும்வரை அனல் காட்டுவார்கள்.

சின்ன வயதில் அந்தத் தீயருகே போய் நின்றதற்காக, பாட்டி என்னை வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். சாவு மேளம், தீட்டு என்றாள். அதை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று தீயருகே எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் மகள் சிகோ என்கிற மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பக்கத்தில் மாத்தே குடித்துக்கொண்டு நின்றார்.

சிகோதான் மேளங்களில் சிறியது, ஒரே அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பியானோ என்கிற பெரிய மேளம் கீழே அதிரும். ரெபிகே இரண்டுக்கும் நடுவே புகுந்து பேசும். ஒரு கையில் குச்சி, இன்னொன்று வெறுங்கை. தோளில் வார் மாட்டி நடந்துகொண்டே அடிக்கிறார்கள். இந்த இசைக்குப் பெயர் காந்தோம்பே.

பிப்ரவரி 2

ராமிரெஸ் கடற்கரையில் கடல் தெய்வமான யெமஞ்சாவின் விழா. மணலில் குழி தோண்டி உள்ளே மெழுகுவர்த்தி. தர்பூசணியும் வெள்ளைப் பூவும் வைத்த சின்னச் சின்னப் படகுகளைத் தண்ணீரில் விட்டார்கள். கடல் என்று சொன்னாலும் இது பிளாட்டா ஆறுதான், கலங்கல் நிறம். ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் அம்மாவோடு நின்றது நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 5

அடுத்த வீட்டம்மாவின் சித்தி மெதியோமுந்தோவில் குடியிருந்தவராம். அது ஒரு கொன்வென்டிஷோ. நம்ம ஊர் ஸ்டோர் வீடு மாதிரி நடுவில் முற்றம், சுற்றிலும் ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ராணுவ ஆட்சி அதை இடிக்க முடிவு செய்தது. 1978 டிசம்பர் 3 அன்று முற்றத்தில் கடைசியாக மேளம் அடித்துவிட்டு வெளியேறினார்கள். இப்போது அந்தத் தேதிதான் நாட்டின் காந்தோம்பே தினம். 2009-இல் காந்தோம்பே யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதைச் சொன்னபோது அவர், "வீடு திரும்பி வரவில்லையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்ய.

பிப்ரவரி 10

ஷமாதாஸ் மேள ஊர்வலம்! ஷமாதாஸ் என்றால் 'அழைப்புகள்' என்று பொருள். ஒரு கொன்வென்டிஷோக்காரர்கள் மேளத்தால் இன்னொன்றைக் கூப்பிட்ட பழக்கத்திலிருந்து வந்த பெயராம். இஸ்லா தெ புளோரெஸ் தெரு முழுக்க ஜனம். குழு குழுவாக வந்தார்கள்: கொடிகள், விசிறி ஆட்டும் மாமா வியேஹா, கையில் பெட்டியோடு நடுங்கி நடுங்கி ஆடும் கிழ வைத்தியர் கிராமிஷேரோ, துடைப்பத்தைச் சுழற்றும் எஸ்கொபேரோ, அப்புறம் மேளங்கள். வரிசை எங்களைக் கடந்தபோது நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல் இருந்தது.

ஊர்வலம் கிளம்புவதற்கு முன்பே மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிகோவை என் பக்கம் சாய்த்தாள். தோல் சுட்டது. கையை எடுக்க மனமில்லை.

கற்றுக்கொள்கிறாயா என்றாள். வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். தீ மூட்ட வீட்டில் அட்டை இருந்தால் எடுத்து வர வேண்டுமாம்.