காதுக்குப் பின்னால் ஈரம்

மகள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்கவே இல்லை. அவளுடைய மேலதிகாரி யாரிடமோ அவளைப் பற்றி, "ஸ்டில் வெட் பிஹைண்ட் தி இயர்ஸ்" என்று சொன்னது காதில் விழுந்திருக்கிறது. "காதுக்குப் பின்னால் ஈரமா? அப்படியென்றால் என்னப்பா?" என்றாள்.

அனுபவம் போதாது, உலகம் தெரியாது என்று பொருள். முளைத்து மூன்று இலை விடவில்லை என்று நாம் சொல்வதைப் போல. ஆனால் பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தின் கடைசி வீட்டு அக்கா அப்போது மாடு வைத்திருந்தார். மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு விடியற்காலை அந்த மாடு கன்று போட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாக்கின் மேல் கிடந்த கன்றைத் தாய் விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் முதுகு காய்ந்து மயிர் சிலிர்த்துக்கொண்டது. கழுத்தும் காய்ந்தது. காது தலையோடு சேரும் மடிப்பில் மட்டும் மயிர் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா முந்தானையால் அந்த இடத்தை ஒற்றி எடுத்தார்.

அந்த ஈரம்தான் இந்தச் சொல். பிறந்த உயிரின் உடம்பில் கடைசியாகக் காய்கிற இடம் என்பதால் வந்தது என்கிறார்கள். 'காதுக்குப் பின்னால் இன்னும் காயவில்லை' என்று ஜெர்மானியர்களும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இது அமெரிக்காவிலிருந்து பரவியது. ஜெர்மன் மொழியில் 'காதுக்குப் பின்னால் பச்சை' என்றும் ஒரு வழக்கு உண்டு. 2008 அக்டோபர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில், எதிர்த்து நின்ற மெக்கெய்ன் தன்னை அப்படி நினைக்கிறார் என்று ஒபாமா 'கிரீன் பிஹைண்ட் தி இயர்ஸ்' என்றே சொன்னார். அனுபவமில்லாதவரை ஆங்கிலத்தில் பச்சை என்பார்கள். நமக்கும் பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு எல்லாம் உண்டே!

நாம் காதைப் பார்ப்பதில்லை, வாயை முகர்கிறோம்: பால் மணம் மாறாத பிள்ளை. அதைச் சொல்லும்போதே குரல் குழைந்துவிடும். அந்த அதிகாரியின் பேச்சில் அந்தக் குழைவு இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். மூன்று மாதத்தில் யாருக்குக் காயும்?

கன்று அவளுக்கு நினைவில்லை. அக்கா கொடுத்தனுப்பிய சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவள் அம்மா காய்ச்சியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "இப்போது சீம்பால் எங்கேயாவது கிடைக்குமா அப்பா?" என்றாள்.

அக்கா மாடுகளை விற்றுப் பல வருடம் ஆகிறது. காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இன்னும் இரண்டு மாடு கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.