மிட்டன்வால்ட் போனா மலைய அப்புறம் பாருங்க, முதல்ல தெருவைப் பாருங்க

ஜெர்மனியோட தெக்கு மாநிலமான பவேரியால, மலைப்பக்கம் ஒரு நாள் போய்ட்டு வரணும்னு சொன்னா எல்லாரும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையத்தான் கைகாட்டுறாங்க. அந்த க்யூல நிக்கிற பொறுமை எனக்குக் கிடையாது, அதான் நண்பர்களோட மிட்டன்வால்ட் கிளம்பினேன். ஊரு அருமை, ஆனா போய்ச் சேர்ந்த கதை இருக்கே, அத முதல்ல கொட்டிடறேன்.

ம்யூனிக்ல இருந்து தெக்க 100 கிலோமீட்டர் சொச்சம், டிரெயின்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்னு ஆப் சொல்லுது. நாங்க போன அன்னிக்கு தண்டவாள வேலைன்னு பாதி வழில மொத்த டிரெயினையும் இறக்கி விட்டு பஸ்ல போங்கன்னுட்டாங்க. டிரெயின் நெறைய ஆளுங்க, வந்து நின்னது ஒத்த பஸ்ஸு, அதுக்குள்ள குழந்தை வண்டி, சைக்கிள், மலையேற்றக் கம்பு, ஒரு பெரிய நாய், எல்லாம் ஏறணும். எங்க நிக்கும்னு ஒரு போர்டு கூட இல்ல, கூட்டம் எந்தப் பக்கம் ஓடுதோ நாமளும் அந்தப் பக்கம் ஓடணும். ஜெர்மனில எல்லாம் டயத்துக்கு நடக்கும்னு இன்னும் பேசுறவங்கள இந்த லைன்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஏத்தி விடணும்.

டிக்கெட்டு மட்டும் நிம்மதி. பயர்ன் டிக்கெட்னு ஒரு நாள் டிக்கெட் இருக்கு, அஞ்சு பேர் வரைக்கும் சேர்ந்து எடுக்கலாம், ஆள் கூடக் கூட தலைக்கு வர்ற காசு குறையும், அதனால தனியா போகாதீங்க, யாரையாவது இழுத்துட்டுப் போங்க. வார நாள்ல காலைல 9 மணிக்கு முன்னாடி செல்லாது. ஜெர்மனி முழுக்க உள்ளூர் டிரெயின், பஸ்ல செல்லுற மாசாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சிருந்தா தனியா செலவே இல்ல.

மிட்டன்வால்ட் 900 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு, ஏழாயிரத்துச் சொச்சம் ஜனம், ஆஸ்திரியா எல்லைய ஒட்டின கடைசி ஊர். கிழக்க கார்வெண்டல் மலை, மேற்க வெட்டர்ஸ்டைன் மலை, நடுவுல ஈஸார் ஆறு. ஈஸார் ஆஸ்திரியா பக்கம் கார்வெண்டலுக்குள்ள பொறந்து, இந்த ஊரத் தொட்டுட்டுதான் ம்யூனிக்குக்கு வருது. போட்டோல பாக்கும்போது மலை எங்கயோ தூரத்துல பின்னாடி இருக்கும்னு நெனச்சேன், அப்படியெல்லாம் இல்ல, தெரு முடியுற இடத்துல சாம்பல் நிறப் பாறை நிமிந்து நிக்குது, கொல்லைப்புற மதில் மாதிரி அவ்வளவு கிட்ட.

சட்டப்படி இது நகரமும் இல்ல கிராமமும் இல்ல, "மார்க்ட்". சந்தை கூட்ட உரிமை வாங்கின ஊருக்கு பவேரியால குடுக்கிற அந்தஸ்து அது. பக்கத்துல இருக்கிற கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் இதவிட எத்தனையோ மடங்கு பெருசு, 1936 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த இடம், அதுவும் இன்னிக்கு வரைக்கும் மார்க்ட்தான். ஆனா சந்தைங்கிற பேருக்கு நெஜமாவே நியாயம் செஞ்ச ஊர்னா என்னைக் கேட்டா மிட்டன்வால்ட்தான், அந்தக் கதைக்காகவே இந்த போஸ்ட்.

இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல ஆல்ப்ஸ் தாண்டுற ரோடு ரோமானியர் காலத்துலயே இந்தப் பள்ளத்தாக்கு வழியாத்தான் போச்சு. வெனிஸ் வியாபாரிங்க சரக்கக் கொண்டாந்து பொல்சானோ சந்தைல விப்பாங்க, ஜெர்மன்காரங்க அங்க போய் வாங்குவாங்க. பொல்சானோ அப்ப டிரோல்ங்கிற ஆல்ப்ஸ் நாட்டுல இருந்துச்சு. 1487ல அந்த டிரோல ஆண்ட சிக்மண்டுக்கும் வெனிஸுக்கும் தகராறு முத்தி, அவரு சந்தைக்கு வந்த வெனிஸ் வியாபாரிங்களயே புடிச்சு உள்ள போட்டுட்டாரு. இனி உன் மண்ணுல கடையே போட மாட்டோம்னு வெனிஸ்காரங்க சந்தைய மலைக்கு இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்துட்டாங்க. வந்த இடம் மிட்டன்வால்ட். 1679 வரைக்கும், கிட்டத்தட்ட 200 வருஷம், அந்தப் பெரிய சந்தை இந்தச் சின்ன ஊர்ல நடந்திருக்கு! இந்த ஊரு அப்ப பவேரியாவும் இல்ல டிரோலும் இல்ல, ஃப்ரைசிங் பிஷப்போட வெர்டன்ஃபெல்ஸ்ங்கிற குட்டி ராஜ்ஜியம். ரெண்டு பெரியவங்க சண்டைல நடுவுல இருந்தவன் பொழச்சுக்கிட்டான். பவேரியா கைக்கு இது வந்ததே 1800க்கு அப்புறம்தான்.

சரக்க மேற்கொண்டு தூக்கிட்டுப் போற உரிமை உள்ளூர்க்காரங்களுக்குத்தான், வண்டில ஒரு பக்கம், ஈஸார்ல மரத்தெப்பம் கட்டி ம்யூனிக் பக்கம். ஓபர்மார்க்ட்ங்கிற மெயின் தெருவுல நடந்தா அந்தச் செல்வாக்கு இன்னும் தெரியுது. வீட்டுச் செவுரு முழுக்க ஓவியம், லுஃப்ட்ல்மாலராய்னு சொல்றாங்க, மாதா, புனிதர்கள், ஜன்னலைச் சுத்தி வளைவும் தூணும். ஒரு தூண் நெஜம்னே நெனச்சு தடவிப் பாத்தேன், கைக்கு வழவழன்னு வெறும் சுண்ணாம்புச் செவுரு, நெழல் கூட பெயிண்ட்தான். பீட்டர் பவுல் சர்ச்சோட கோபுரத்துலயும் இதே ஓவியம், உள்ள போய் அண்ணாந்து பாத்தா மத்தேயுஸ் க்யுந்தர் வரைஞ்ச கூரை. கழுத்து வலிக்கிற வரைக்கும் பாக்கலாம், ஓசிதான். 1786 செப்டம்பர்ல இத்தாலி போற வழில ஜெர்மன் கவிஞர் கேதே கூட இந்தத் தெருவுல ஒரு ராத்திரி தங்கியிருக்காரு. தெருவ விட்டு உள்ள தள்ளி க்ரீஸ்னு ஒரு பழைய பகுதி இருக்கு, கூட்டம் கம்மி, போட்டோவுக்கு அதுதான் பெஸ்ட்.

சரி, சந்தை 1679ல திரும்பி பொல்சானோவுக்கே போயிடுச்சு. ஊரு அம்போன்னு ஆகியிருக்கணும். அந்த நேரம் மத்தியாஸ் க்ளோட்ஸ்னு உள்ளூர்ப் பையன், இத்தாலில படுவாங்கிற ஊருக்குப் போய் தந்தி வாத்தியம் செய்யக் கத்துக்கிட்டவர், 1680கள்ல ஊர் திரும்பி வயலின் செய்ய ஆரம்பிச்சாரு. மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகைக்கு மேப்பிள் மரம், ரெண்டுமே சுத்தி மலைல கெடைக்குது. பழைய வியாபாரப் பாதை இருக்கவே இருக்கு, விக்கிறதுக்கும் கஷ்டமில்ல. அவரு குடும்பமே தலைமுறை தலைமுறையா இதுல எறங்க, 19ஆம் நூற்றாண்டுல மொத்த வியாபாரிங்க சரக்க இங்கிலாந்து, ரஷ்யா, அமெரிக்கான்னு அனுப்பியிருக்காங்க. சால்ஸ்பர்க்ல வச்சிருக்கிற மொசார்ட்டோட கச்சேரி வயலின் க்ளோட்ஸ் குடும்பத்துக் கை வேலைதான். இத முன்னாடியே தெரியாம சர்ச் வாசல்ல இருக்கிற க்ளோட்ஸ் சிலையப் பாத்தா ஏதோ ஒரு தாடிக்காரர்னு தாண்டிப் போயிடுவோம்.

வயலின் மியூசியம் பழைய சரக்குக் கிடங்கு இருந்த பாலன்ஹவுஸ் சந்துல இருக்கு. சின்னதுதான், ஆனா குடுக்கிற காசுக்கு மேல கெடைக்குது. வார்னிஷ் அடிக்காத வயலின் எல்லாம் வெளிறிப் போய் தொங்குது, அந்தக் காலத்துல துணி காயப்போடுற மாதிரியே வீட்டு வெளில கம்பில தொங்கவிட்டுக் காய வைப்பாங்களாம். கட்டைவிரல் அளவுல ஒரு இழைப்புளி வச்சிருக்காங்க, பலகையோட வளைவுக்குள்ள போறதுக்கு. கூட வந்தவன் மணிக்கணக்கா அத விட்டு நகரல, எனக்குப் பசி. 1858ல ஆரம்பிச்ச வயலின் செய்யுற ஸ்கூல் இன்னிக்கும் ஓடுது, வெளிநாட்டுப் பசங்க எல்லாம் வந்து படிக்கிறாங்க. தெருவுல ஒரு பட்டறை ஜன்னல் வழியா பாத்தா ஒருத்தர் வயலின் தலைச் சுருளை உளியால செதுக்கிட்டிருக்காரு, நாங்க மூஞ்சிய கண்ணாடில ஒட்டி நிக்கிறதக் கண்டுக்கவே இல்ல.

சாப்பாடு! சைவம்னா பவேரியால ஒரு வழிதான், கேஸஷ்பெட்ஸ்லே. முட்டை சேத்த மாவ வேகவச்சு சீஸுல பொரட்டி மேல வெங்காயத்தக் கருக வறுத்துப் போட்டது. முட்டையும் வேண்டாம்னா சாலட்டும் ப்ரெட்டும்தான், சொல்லிட்டேன். இரும்புச் சட்டியோட வந்துச்சு, அடில ஒட்டின மொறுமொறுப்பு சீஸுக்கு எங்களுக்குள்ள சண்டையே நடந்துச்சு. பில்லு வந்தப்பதான் கார்டு வாங்க மாட்டோம்னாங்க. ஆர்டர் எடுக்கும்போதே சொன்னா என்ன? ஒருத்தன் ஏடிஎம் தேடி ஓடினான், அந்த ஏடிஎம் கமிஷன் வேற புடிச்சுது. ஒரு பாட்டில் தண்ணிக்குப் போட்ட விலைய எழுதினா எனக்கே வயிறு எரியும்.

கார்வெண்டல் மலைக்கு ஏறுற கேபிள் கார் 1967ல இருந்து ஓடுது, 2244 மீட்டர் வரைக்கும், கீழ இருந்து 1300 மீட்டர் ஏத்தம். மேல வட்டமா நடக்கிற பாதை, டெலஸ்கோப் ஷேப்புல ஒரு கண்காட்சி, ஆஸ்திரியா எல்லை. வானம் தெளிஞ்சிருந்தா மட்டும் ஏறுங்க, குடும்பமா ஏறினா பட்ஜெட் அங்கயே காலி. கீழ வெப்கேம் பாத்துட்டு டிக்கெட் எடுங்க.

காசு இல்லாதவங்களுக்கு, ஏன் இருக்கிறவங்களுக்கும் சொல்றேன், லாய்டாஷ் பள்ளத்துக்குப் போங்க. ஊர்லேந்தே நடந்து போயிடலாம். ஆறு அறுத்த பாறை இடுக்கு, செவுத்துல இரும்பு நடைபாதை அடிச்சு வச்சிருக்காங்க, காலுக்குக் கீழ கம்பி வலை, அதுக்குக் கீழ ரொம்ப ஆழத்துல தண்ணி வெள்ளையா சுருண்டு ஓடுது. எனக்கு முட்டி நடுங்குச்சு, முன்னாடி போன சின்னப் பொண்ணு குதிச்சுக் குதிச்சுப் போறா. நடுவுல எப்ப ஆஸ்திரியா வந்துச்சுன்னே தெரியல, போனுக்கு வெல்கம் மெசேஜ் வந்துதான் தெரிஞ்சுது. மேல பாதைக்கு டிக்கெட்டே கிடையாது, கீழ பழைய அருவிப் பாதைக்கு மட்டும் சின்னத் தொகை. குளிர்காலத்துல மூடிடுவாங்க, அதனால மே கடைசில இருந்து அக்டோபருக்குள்ள போங்க, கையில சில்லறை, ஒரு ஸ்வெட்டர், வழுக்காத ஷூ. செருப்போட வந்த ஒருத்தர் நடைபாதை நடுவுல நின்னுட்டாரு, பின்னாடி நாங்க அத்தனை பேரும் அவரு நகர்ற வரைக்கும் காத்துக் கிடந்தோம்.