எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?

சென்ற மார்கழியில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் தனியாக இருக்கும் உறவுக்கார ஆச்சி ஒருவரைப் பார்த்துவிட்டு வரும்படி, அவருடைய மகள் சென்னையிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டார். தினமும் வீடியோ காலில் அம்மாவைப் பார்ப்பதாகவும், முகம் தெளிவாகவே இருப்பதாகவும், ஆனால் ஒரு வாரமாகப் பேச்சு மட்டும் நடுநடுவே நின்று நின்று வருவதாகவும் அவர் சொன்னார். நான் போனபோது ஆச்சி வளவுத் தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தபின் நான் கேட்ட முதல் கேள்வி, செவிலியராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதய நோயாளிகள் எல்லோரிடமும் நான் கேட்டுவரும் கேள்விதான்.

"ராத்திரி எத்தன தலகாணி வச்சுப் படுக்குறீங்க ஆச்சி?"

"எங்க ஆத்தா படுக்க? படுத்தா மூச்சு முட்டுது. பத்து நாளா இந்தத் தூணுலதான் சாஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்."

சேலையைச் சற்று ஒதுக்கி, கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பின் மீது கட்டைவிரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்தேன். பிசைந்து வைத்த மாவில் விரல் பதிந்ததுபோல அந்தக் குழி அப்படியே நின்றது. நான் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுக்கும்வரை அது மேலெழவில்லை. வீடியோ காலில் முகம் தெரியும், கால் தெரியாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளிடம் நான் இப்போதெல்லாம் தவறாமல் சொல்வது, பேசி முடிப்பதற்கு முன் ஒரு முறை போனைக் காலுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள் என்பதைத்தான்.

தலையணைக் கணக்கைக் கேட்பது எதற்காக என்று பலர் நினைக்கலாம். இதயத்தின் இடது கீழறைதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். அந்த அறையின் தசை தளர்ந்துவிட்டால், முன்னே போகாத இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் நுண்குழாய்கள்வரை ஏறி, அங்கிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசியத் தொடங்குகிறது. பகலில் உட்கார்ந்தும் நடந்தும் இருக்கும்போது காலில் தேங்கி நிற்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்தோடு கலந்து மார்புக்குத் திரும்புவதால், அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க முடியாமல் மூச்சு திணறுகிறது. ஒரு தலையணையோடு படுத்தவர் இரண்டு வைத்துக்கொள்வதும், இரண்டு மூன்றாவதும், கடைசியில் படுக்கையையே விட்டுவிட்டு உட்கார்ந்தபடி தூங்குவதும் இதனால்தான். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து, காற்றுக்காக ஜன்னலோரம் போய் நிற்பதும், படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமலும் இதே கதையின் பகுதிகள். வீட்டில் இதை இளைப்பு என்றும் பனிக்காலச் சளி என்றும் எடுத்துக்கொண்டு, இருமல் மருந்து வாங்கிக் கொடுத்து ஒரு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவர்களில் பாதிப்பேராவது இந்த வழியில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதயம் இப்படித் தளர்ந்துபோவதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம். அதன் கடுமையை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையை நியூயார்க் இதயச் சங்கம் 1928 இல் வகுத்தது. இன்றும் மருத்துவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த வகுப்புகளை அப்படியே கேட்டால் எங்கள் ஊரில் பதில் வராது. குன்றக்குடி மலைப்படியில் போன வருடம் எத்தனை முறை நின்றீர்கள், இந்த வருடம் எத்தனை முறை நின்றீர்கள் என்று கேட்பேன். தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்குகிறதா, இரண்டாம் கட்டிலிருந்து முன்பக்கம் நடந்து வரும்போது இடையில் உட்கார வேண்டியிருக்கிறதா, சேலை கட்டி முடிப்பதற்குள் இளைக்கிறதா என்று கேட்டால், ஆச்சிமார் துல்லியமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் அது நான்காம் வகுப்பு. அன்று அந்த ஆச்சி இருந்தது அந்த நிலையில்தான்.

108 ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வண்டி வரும்வரை அவரைப் படுக்க வைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் நான் மன்றாட வேண்டியிருந்தது. மயக்கமாக இருப்பவரைப் படுக்க வைப்பது நம் கைகளுக்குப் பழகிப்போன உதவி, ஆனால் நுரையீரலில் நீர் கோத்தவருக்கு அது ஆபத்து. நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிடச் செய்தால், மார்புக்குத் திரும்பும் நீர் சற்றுக் குறையும். வார்டில், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைட் ஊசியை நரம்பில் மெதுவாகச் செலுத்தினார்கள். அளவு அதிகமாகும்போது இதை அவசரமாக ஏற்றினால் காது இரையும், கேட்கும் திறனே பாதிக்கப்படலாம் என்பதால், நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஊசி போட்டு அரை மணி நேரத்தில் சிறுநீர் நன்றாகப் பிரிய வேண்டும். அதை அளந்து மணிவாரியாக எழுதுவது செவிலியரின் பொறுப்பு. பையில் நிறையும் நீரைப் பார்த்தே அந்த இரவு எப்படிப் போகும் என்பதை எங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

எண்ணுவதும் அளப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் ஒரு பிழையின் மூலம்தான் கற்றேன். பணிக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒழுங்கற்ற நாடித்துடிப்புக்காக, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரை சாப்பிட்டுவந்த பெரியவர் ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். அவருடைய மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கி, 60 என்று சார்ட்டில் எழுதினேன். அவர் இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றும், குமட்டுகிறது என்றும், சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றும் சொன்னதை, மருத்துவமனைச் சாப்பாடு பிடிக்காதவரின் சலிப்பாகவே எடுத்துக்கொண்டேன். மாலைப் பணிக்கு வந்த மூத்த சிஸ்டர், நான் மாத்திரையைக் கையில் எடுத்ததும் தடுத்து, ஸ்டெதாஸ்கோப்பை இதய முனையில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னார். 48 தான் இருந்தது. துடிப்பு ஒழுங்கற்று இருப்பவருக்கு 15 விநாடிக் கணக்கு எதையும் சொல்லாது. டிகாக்சின் கொடுக்கும் முன் இதய முனையில் முழு நிமிடம் எண்ணி, 60 க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். பசியின்மையும் குமட்டலும் மஞ்சள் பார்வையும் அந்த மருந்து உடலில் மிஞ்சிவிட்டதன் அடையாளங்கள். சிறுநீரைப் பெருக்கும் நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருந்ததால் அவருக்கு நஞ்சு இன்னும் எளிதாக ஏறியிருந்தது. பெரியவர் தேறி வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து முழு நிமிடத்துக்குக் குறைவாக நான் யாருக்கும் நாடி பார்த்ததில்லை.

ஆச்சிக்கு ஏன் இவ்வளவு நீர் சேர்ந்தது என்று தேடியபோது மூன்று காரணங்கள் கிடைத்தன, மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஒன்று உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆச்சி குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டதாக உறுதியாகச் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் பசி இல்லாததால் கஞ்சிதான் உணவு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள மாவடுவும் மோர்மிளகாய் வற்றலும் அப்பளமும். ஜாடியிலிருக்கும் உப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மாத்திரை. இந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். தளர்ந்த இதயம் உள்ளவருக்கு ஒரு வாரம் போதும், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடுவதற்கு. இதை நான் எவ்வளவு உரத்துச் சொன்னாலும் போதாது என்றே தோன்றுகிறது. இதய நோயாளிகள் எந்த வலிக்கும் மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரை வாங்கக் கூடாது.

மூன்றாவது, கல்யாண மாதத்தில் வெளியே கிளம்பும் நாட்களில் எல்லாம் நீர் மாத்திரையை அவர் விட்டுவிட்டது. இதற்காக அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பேருந்தில் இரண்டு மணி நேரம் போகும் எழுபது வயதுப் பெண்ணுக்கு வழியில் ஒதுங்க இடமில்லை என்றால், அவர் வேறு என்ன செய்வார்? மாத்திரையை விடாமல், மருத்துவரிடம் கேட்டு அன்றைக்கு மட்டும் வீடு திரும்பியபின் சாப்பிடும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாதது எங்களைப் போன்றவர்களின் குறை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தை உடலில் தேக்கிவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றி, துடிப்பையே குலைத்துவிடும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கிவரும் இளநீருக்கும் இதுவே பொருந்தும்.

இதயத் தசை தளர்வதற்குப் பழைய மாரடைப்பு பெரிய காரணம். இரத்தம் கிடைக்காமல் செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. வாயு என்று சொல்லிப் பெருங்காயமும் சோடாவும் குடித்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தசையைத் தின்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, தாடை வலி, மேல்வயிற்றுச் சங்கடம் என்று மட்டுமே அது வரக்கூடும். தமிழ்நாட்டில் 2023 இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, இந்த அறிகுறிகளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளாக மொத்தம் 14 உடனடியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் நேரத்தை நினைத்தால், பக்கத்தில் இருக்கும் அந்த நிலையத்தின் அருமை புரியும்.

ஆச்சி எட்டு நாளில் வீடு திரும்பினார். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாசாலையில் சமமான இடம் பார்த்து எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்தோம். காலையில் சிறுநீர் கழித்தபின், காப்பி குடிக்கும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையில் ஏறி நிற்க வேண்டும். உடலில் தேங்கும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை; கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரிவதற்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும், எடை இயந்திரமோ அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மருத்துவர் சொன்ன ஒன்றரை லிட்டர் அளவுக்குக் காலையிலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து வைத்து, காப்பியோ மோரோ ரசமோ குடித்தால் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து ஊற்றிவிடச் சொன்னேன். எழுதிக் கணக்குப் பார்ப்பதைவிட இது அவருக்கு எளிதாக இருந்தது.

எடையைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதச் சொல்லியிருந்தேன். இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தபோது, தாளை அன்றாடம் கிழித்துவிட்டதால் ஒரு எண்ணும் மிஞ்சவில்லை. மாதக் காலண்டர் ஒன்றைச் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினோம். ஒவ்வொரு கட்டத்திலும் எடையும், அதற்குக் கீழே சிறிதாகத் தலையணை எண்ணிக்கையும் எழுதுகிறார். பங்குனி மாதத் தாளில் 52.1, 52.3, 52.0 என்று வரிசையாக ஓடுகிறது. கீழே எல்லாக் கட்டத்திலும் ஒன்று, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு. அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பேத்தி வந்திருந்ததால் அப்பளம் பொரித்ததாகச் சொன்னார்.