அல்லிக்குக் கவசம்

5 ஜூலை, சனி

இன்று புதுக் கேம் தொடங்கியது. சிங்கப்பூர் பிடோக்கில் நண்பர் வீட்டு ஹால், ஆறு பேர், ஒரு டப்பா முறுக்கு, ஐஸ் போட்ட தே ஓ (பால் சேர்க்காத டீ). எங்கள் டிஎம் அண்ணன் (டிஎம் என்றால் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்; நாற்பதைத் தாண்டியவர், நல்ல மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்) இந்தத் தடவை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தை, பழைய முறைப்படி ஆடலாம் என்று 1978இல் வந்த விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். மூலை மடங்கி, முதுகில் டேப் ஒட்டிய புத்தகம். எனக்கும் ஆசைதான்.

பகடை உருட்டினேன். வலிமைக்கு 18. தம்பி மேசையைத் தட்டினான். (சொந்தத் தம்பி இல்லை, தேசிய சேவை முடித்து இப்போதுதான் வந்திருக்கிறான், என்னை அக்கா என்பான்.) போர்வீரருக்கு 18 விழுந்தால் நூறுக்கு ஒரு பகடை போட வேண்டும். 91! நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"பொண்ணு கேரக்டரா? அப்ப 50தான் மா."

அண்ணன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். மனித ஆணுக்கு 18க்கு மேல் நூறு வரை போகலாம், மனிதப் பெண்ணுக்கு 50இல் நின்றுவிடும். எல்ஃப் இனப் பெண்ணுக்கு 16, குள்ளமான ஹாஃப்லிங் இனப் பெண்ணுக்கு 14. 91 இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஐந்து கூடும், 50க்கு மூன்றுதான். "ஆம்பளையா மாத்திக்கோயேன், ஷீட்ல ஒரு எழுத்துதானே," என்றார். மாற்றவில்லை. அல்லி என்று பெயர் எழுதி, பக்கத்தில் 50 என்று போட்டேன், பென்சிலால்.

8 ஜூலை, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் படிக்கலாம் என்று அண்ணனுடைய புத்தகங்களை இரவல் வாங்கி வந்திருந்தேன். அந்த வரம்பை 1989இல் இரண்டாம் பதிப்பிலேயே தூக்கிவிட்டார்கள். ஆட்டத்தை அப்போது வெளியிட்ட கம்பெனிக்கே முப்பது வருஷத்துக்கு முன்னால் வேண்டாமென்று தோன்றியது பிடோக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பெனி டிஎஸ்ஆர். அங்கே வடிவமைப்புப் பிரிவில் முதலில் வேலைக்குச் சேர்ந்த பெண் ஜீன் வெல்ஸ், 1979இல். இரண்டு வருஷம் கழித்து அவர் எழுதிய சாகசப் புத்தகம் அச்சாகி வந்தது, வந்த வேகத்தில் உள்ளேயிருந்த சில படங்களைக் காரணம் காட்டித் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு படத்தில் ஒரு பெண்ணை அவள் தலைமுடியாலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்புறம் வேறொருவர், ஆண், திருத்தி எழுத மறுபடி வந்தது. இதை நினைத்துக்கொண்டே தட்டு கழுவினேன், ஒரு தட்டை இரண்டு தடவை கழுவியிருக்கிறேன்.

12 ஜூலை, சனி

இன்று ஊருக்குள் போனோம். தெருவில் யார் எதிரே வருகிறார்கள் என்பதற்கு 1979 டிஎம் புத்தகத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. தாசி என்று விழுந்தால், எப்பேர்ப்பட்ட தாசி என்று பார்க்க இன்னொரு அட்டவணை, 12 வரி. அண்ணன் அதை ரசித்து ரசித்துப் படித்தார். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் மூன்று மணி நேரம் அந்த ஊரைச் சுற்றியும் பெயர் உள்ள ஒரு பெண்ணைக்கூட நாங்கள் சந்திக்கவில்லை, இட்லி விற்கிற கிழவி மாதிரி ஒருத்திகூட இல்லை, யார்தான் அந்த ஊரில் சமைத்தார்களோ.

அப்புறம் பிரபுவின் மாளிகை. அங்கே ஒரு மந்திரவாதி, மயக்கு மந்திரம். முதலில் தம்பியின் திருடன்மேல் விழுந்தது, அவனை வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து அதே மந்திரம் அல்லிமேல். "அல்லி இப்ப பிரபு மடியில உக்காந்திருக்கா," என்றார் அண்ணன். சிரிப்பு. நானும் சிரித்தேன், அதுதான் இப்போது எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது.

"அவளையும் வாசல்ல நிறுத்தியிருக்கலாமே அண்ணே?"

"கதைக்காக மா. அந்தக் காலத்துல அப்படித்தானே? பொம்பளைங்க எங்க சண்டைக்குப் போனாங்க?"

வாட்டர்லூ தெரு நினைவுக்கு வந்தது. 1943 அக்டோபரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமை அங்கேதான் திறந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் கால்சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கி, அணிவகுத்த இடம். இங்கேயிருந்து எம்ஆர்டி ரயிலில் போய்விடலாம். சொன்னேன். அது நிஜம், இது ஃபேன்டசி என்றார். போன வாரம் 50க்குக் காரணம் கேட்டபோது இவரே சொன்னது, நிஜத்துக்குக் கிட்ட இருக்கணும் என்று.

புதிதாக வந்திருந்த சீனப் பெண் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. இரவு குழுவில் மெசேஜ்: வேலை அதிகம், இனி வர முடியாது, மன்னிக்கவும். ஒரு பூ இமோஜி.

13 ஜூலை, ஞாயிறு

அல்லிக்கு ஒரு மினி (ஆட்டத்தில் மேசைமேல் வைக்கிற குட்டிப் பொம்மை) வாங்கி வைத்திருந்தேன், சுண்டுவிரலில் பாதி உயரம். பெண் போர்வீரர் என்று கடையில் கிடைத்தது இதுதான்: தோளில் யானைத்தலை அளவுக்குக் கவசம், மார்பில் இரண்டு கிண்ணம், அதற்குக் கீழே இடுப்புவரை ஒன்றுமில்லை. குடல் இருக்கிற இடத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தோளைக் காப்பாற்றி என்ன செய்ய? கிண்ணம் வைத்த கவசமும் லேசுப்பட்டதில்லை, வாள் வழுக்கி வெளியே போவதற்குத்தான் கவசத்தை உருட்டாகச் செய்வது, இதில் நடுவே உள்ள பள்ளம் வாளை நேராக நெஞ்சுக் குழிக்குக் கூட்டி வரும்.

அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஏன்டி, இவளுக்குத் துணி பத்தலையா?"

பொம்மையில் ஒட்டி உருவம் பிடிக்கிற புட்டி மாவு வாங்கி வந்தேன். நீலமும் மஞ்சளும் இரண்டு பட்டையாக ஒட்டி வரும், பிசைந்தால் பச்சையாகிவிடும். ஊசியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளாவிட்டால் புட்டி கையோடு வந்துவிடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "கொழுக்கட்டைக்குச் செப்பு பிடிக்கிற மாதிரி ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வா," என்றார். வயிற்றை மூடினேன், இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் மெழுகி ஒரே வளைவாக்கினேன். கண் வலி.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மாவோடு வீரமாகாளியம்மன் கோயில், சிராங்கூன் ரோடு வரைக்கும் கூட்டம். அம்மனுக்குக் கையெல்லாம் ஆயுதம், மேலே பட்டு. இவளுக்கு யாரும் 50 போடவில்லை என்று தோன்றியது, உடனே சந்தேகமும் வந்தது. ஏனென்றால் நான் பெயர் எடுத்த அல்லி அரசாணி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆண்டவள், ஆண்களைக் கிட்டே சேர்க்காதவள். கடைசியில் அர்ஜுனன் பாம்பாக உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டு நான் கைதட்டியிருக்கிறேன். அண்ணனும் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்திருப்பார். அதற்காக அந்த மடியை மன்னிக்கத் தோன்றவில்லை.

19 ஜூலை, சனி

ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன்: மயக்கினாலும் மடியில் உட்கார வைக்கக் கூடாது, என் கேரக்டரை மட்டுமல்ல, யாரையும். அண்ணன் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார். "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" அன்றைக்கும் சொன்னேன்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா சொன்னாங்க அண்ணே," என்றான். கொஞ்ச நேரம் முறுக்கு சத்தம் மட்டும்.

"சரி, 91 வெச்சுக்கோ."

பென்சில் 50ஐ அழித்தேன், காகிதத்தில் தடம் தெரிகிறது. மாளிகையை விட்டு வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. வாசலில் ஒரு காவல்காரி, பெயர் கேட்டேன், அண்ணன் யோசித்து "செல்லம்மா" என்றார், மேசையே சிரித்தது, இந்தத் தடவை எனக்கும் நிஜமாகவே சிரிப்பு. வராமல் போன சீனப் பெண்ணின் நாற்காலியில் எல்லாரும் பையை வைத்திருந்தார்கள். அவளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன், இன்னும் ப்ளூ டிக் வரவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பெயின்ட் முடிந்தது. கவசம் ஈயச் சாம்பல், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளி. பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிடி. ஹை ஹீல்ஸ் போட்டுக்கிட்டா குகைக்குள்ள போறா?"

இரண்டு வாரமாகக் கையில் வைத்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. கத்தியை எடுத்து இரண்டு குதிகாலையும் சீவினேன். பெயின்ட் கொஞ்சம் உரிந்தது, இரண்டு மில்லிமீட்டர் குள்ளமாகிவிட்டாள், பசை காயும்வரை ஜன்னல் ஓரம் சாய்ந்து நிற்கிறாள்.